பாயசத்துக்குப் பிறகு சோறு இல்லை

பகவதியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் ஊறுகாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. "கேட்டேளா, நாரத்தங்கா பரணிய நாளுக்கொருக்கா குலுக்கி வையுங்கோ. ஈரக் கைய இட்டுராதீங்கோ" என்றாள்.

"கெடக்கிற கெடப்புல ஊறுகாய்தான் கொறச்சலா?" என்றேன்.

சொல்லிவிட்டு மாத்திரை வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை. நாற்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அவளிடம் நான் கடைசியாகச் சொன்ன வாக்கியம் அது. உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இதைவிட மடத்தனமாக ஒன்றை என்னால் சொல்லியிருக்க முடியாது.

அது ஒன்றரை வருடத்துக்கு முன்பு. இப்போது சொல்ல வந்தது தீம் பார்க்கில் சாப்பிட்ட கதை.

வேலை ரொம்பச் சின்னது. ஒருநாள், ஐந்து பேருக்குச் சாப்பாடு. சமைக்கக்கூட வேண்டாம்.

மகன் முருகேஷுக்குச் சென்னையில் வேலை. பள்ளி விடுமுறைக்கு மனைவி சுகந்தியையும் மகள் மீனுவையும் கூட்டிக்கொண்டு பூதப்பாண்டிக்கு வந்தான். வந்ததும் குளிர்பெட்டியைத் திறந்தான். உள்ளே பழைய சோறும், தயிரும், அரைமுறித் தேங்காயும் இருந்தன. நீதிபதிபோல மூடினான்.

"அப்பா, வீட்டப் பூட்டிட்டு எங்ககூட வந்துருங்கோ. ஒங்களுக்குச் சோத்துக்கு வழியில்ல."

"எனக்கு வழி இருக்கு."

"இதா வழி? தயிரா?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இந்த வயதில் அது வரக்கூடாது, வந்தால் படுத்துத் தூங்கிவிட வேண்டும். நான் தூங்கவில்லை. "அஞ்சு பேருக்கு ஒருநாள் பூரா, ஒருநேரம் பிசகாம நான் சோறு போட்டுக் காட்டுகேன். காட்டிட்டா இந்தப் பேச்ச விட்டுரணும். பிசகிச்சுன்னா மறுபேச்சில்லாம சென்னைக்கு வாரேன்" என்றேன்.

"எங்க வச்சு?"

"மீனு போணும்னு சொல்லுகாளே, அந்தத் தீம் பார்க்குல வச்சு!"

ஐந்தாவது ஆள் சிதம்பரம். பகவதியின் தம்பி, எனக்கு மைத்துனன். நான் எங்கே விழுந்தாலும் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் அவனுக்கு உண்டு. சொல்லி அனுப்பாமலே வந்துவிட்டான்.

நான் ஏன் அவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்றால், அந்தப் பூங்காவில் 'டைனிங் பிளான்' என்று ஒன்று இருப்பதை ஏற்கெனவே போனில் பார்த்து வைத்திருந்தேன். முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் ஆளுக்கொரு கைப்பட்டை. காலையில் டிபன், மதியம் சாப்பாடு, சாயங்காலம் பலகாரம். பட்டையைக் காட்டினால் தட்டு வரும். அடுப்பில்லை, பாத்திரமில்லை. உலகத்தில் இவ்வளவு சுலபமாக ஜெயிக்கக்கூடிய பந்தயம் வேறு கிடையாது என்று நினைத்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பம்ப்செட் மோட்டாரை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்து, யாரும் சொல்லித்தராமல் செம்புக் கம்பிக் காயில் கட்டப் படித்தவன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு சாப்பாட்டுத் திட்டம் பெரிதா? மூன்று நாள் போனோடு உட்கார்ந்தேன். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். யார், எந்த நேரம், எந்தக் கவுண்டர், என்ன சாப்பாடு. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

விதிமுறைகள் பதினான்கு இருந்தன. ஒன்பது வரை வாசித்தேன். சாப்பிட விதிமுறையா? அறுபத்தெட்டு வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவனுக்கா? மூடி வைத்துவிட்டேன்.

காலை ஐந்து மணிக்குக் கார் கிளம்பியது. தக்கலை தாண்டியதும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பரணியை எடுக்கவில்லை!

சின்னப் பரணிதான், பீங்கான் ஜாடி. இரண்டு கைக்குள் அடங்கும். பகவதி போட்ட நாரத்தங்காய் ஊறுகாயில் மிச்சம் பதினான்கு துண்டு அதில் இருந்தது. வாரத்துக்கு ஒன்று என்று வைத்துத் தின்றுகொண்டிருந்தேன். எங்கே போனாலும் ஊறுகாய்ப் பரணியோடு புறப்படுகிறாள் என்று அவளை ஆயுசு முழுக்கக் கேலி செய்தவன் நான். இப்போது அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை. இதை மகனிடம் சொல்ல முடியுமா?

"வண்டியத் திருப்பு. மருந்த மறந்துட்டேன்."

முருகேஷ் பதறிவிட்டான். "என்ன மருந்துப்பா? எப்பம்லருந்து?"

"கொஞ்ச நாளா."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது?"

சுகந்தி பின்சீட்டிலிருந்து, "பயப்படாதீங்க மாமா" என்றாள். மீனு என் தோளைத் தடவிக் கொடுத்தாள். நான் கண்ணை மூடி, நோயாளிபோல் சாய்ந்துகொண்டேன். சிதம்பரத்துக்கு மட்டும் சந்தேகம்.

திரும்பி வந்து, பரணியை மஞ்சப்பையில் போட்டு, மறுபடியும் தக்கலையை அடைந்தபோது ஏழேகால். மார்த்தாண்டத்தில் சிதம்பரம், "அத்தான், நல்ல ஆப்பக் கடை ஒண்ணு உண்டு, ஒரு நிமிசம்" என்றான்.

"அங்க டிபன் சொல்லி வச்சிருக்கு. வயித்தக் காலியா வைய்யி!"

திருவனந்தபுரத்தில் மீனு பசிக்கிறது என்றாள். "அங்க பூரி மக்களே, பூரி!" என்றேன். கட்டத்தைக் காட்டினேன். குழந்தை கட்டத்தைப் பார்த்துப் பசியாறவில்லை.

பூங்காவின் வாசலை அடைந்தபோது பத்தேகால். டிபன் பத்து மணிவரை.

பந்தயத்தின் முதல் நேரம் அங்கேயே பிசகிவிட்டது. "டிபன் சும்மா தொட்டுக்கிட தான. மதியச் சாப்பாடுதான் கணக்கு" என்று நான் அறிவித்தேன். முருகேஷ் என் உடம்பை நினைத்து விட்டுக்கொடுத்தான்.

அந்த உடம்பின் கதையும் வாசலில் முடிந்தது. காவலாளி மஞ்சப்பையைத் திறந்து பரணியை எடுத்தார். வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மோந்து பார்த்தார்.

"சேட்டா, புறத்துள்ள புட் பற்றில்லா." வெளிச் சாப்பாடு கூடாதாம்.

"இது புட் இல்ல. மருந்து."

அவர் இன்னொரு தடவை மோந்து பார்த்தார். அவர் வாயில் எச்சில் ஊறுவது எனக்கே தெரிந்தது. "மருந்தோ? ஏது டாக்டர்?"

"பகவதி" என்றேன். வாயில் வந்துவிட்டது.

முருகேஷ் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பரணியைப் பார்த்தான். தக்கலையிலிருந்து அவன் சுமந்து வந்த கவலை அவன் முகத்திலிருந்து இறங்கி, வேறு என்னவோ ஏறியது. சிதம்பரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "எங்க அக்கா எப்பம் டாக்டருக்குப் படிச்சா?" என்று யாரிடமோ கேட்டான்.

காவலாளிக்குத் தமிழ் அவ்வளவு தெரியாது. தெரிந்தவரைக்கும் போதுமென்று நினைத்தாரோ என்னவோ, துணியைத் திரும்பக் கட்டிக் கையில் கொடுத்தார்.

உள்ளே போனதும் ஆளுக்கொரு கைப்பட்டை தந்தார்கள். ஐந்தையும் நான் வாங்கி என் இடது கையிலேயே போட்டுக்கொண்டேன். பந்தி விசாரிக்கிறவன் ஒருவன்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்தி நாசமாகும்.

"தாத்தா, அவங்கவங்க கையிலதான் கட்டணுமாம்" என்றாள் மீனு.

"அதெல்லாம் விவரமில்லாதவங்களுக்கு."

"வளையல் போட்டாச்சு அத்தான். பூவும் வச்சிருவோமா?" என்றான் சிதம்பரம்.

பன்னிரண்டரைவரை எல்லோரும் வெறும் வயிற்றோடு ராட்டினம் சுற்றினோம். அது எப்படி இருக்கும் என்று எழுத விரும்பவில்லை. அங்கங்கே கடைகள் இருந்தன. வாங்கித் தின்றால் நான் தோற்றதாக ஆகும் என்று யாரையும் விடவில்லை. சுகந்தி கைப்பையிலிருந்து மீனுவுக்கு ரகசியமாகப் பிஸ்கட் கொடுத்தாள். நான் பார்க்காததுபோல் இருந்தேன். பிறகு எனக்கும் ஒன்று நீட்டினாள். அதையும் பார்க்காததுபோலவே வாங்கித் தின்றேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு உயிர் வந்தது. சோறு, பருப்பு, சாம்பார், அவியல், எரிசேரி, ரசம், மோர், பால்பாயசம்! எத்தனை தடவை வேண்டுமானாலும் வாங்கலாமாம். ஒவ்வொரு தடவையும் பட்டையைக் கவுண்டரில் காட்டினால் பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான்.

"எல்லாரும் கேளுங்கோ" என்றேன். "மொதல்ல பருப்புக்கும் சாம்பாருக்கும் ஒரு கைப்பிடிச் சோறு போரும். வயித்த அடைச்சிராதீங்கோ. பொறவு பாயசம். அது கழிஞ்சு ரசத்துக்கும் மோருக்கும் நல்லா வாங்கிச் சாப்பிடணும்."

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் அதுதான் முறை. பாயசம் பாதியில் வரும். அதைக் குடித்த திகட்டல் தீர ரசம், பிறகு மோர். பாயசத்தோடு எழுந்து கை கழுவுகிறவனை, வெளியூர்க்காரன் பாவம் என்று பார்ப்போம்.

எல்லோரும் கைப்பிடிச் சோறு தின்றார்கள். பசித்த வயிற்றுக்கு அது எங்கே போனது என்றே தெரியவில்லை. நான் எழுந்து போய், ஐந்து பட்டையையும் வரிசையாகக் காட்டி, ஐந்து கிண்ணம் பாயசம் வாங்கி வந்தேன். குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு தட்டுகளோடு ரசத்துக்குப் போனேன். பட்டையைக் காட்டினேன்.

சிவப்பு.

அடுத்த பட்டை. சிவப்பு. ஐந்தும் சிவப்பு. மிஷின் ஒவ்வொன்றுக்கும் ஆடு கத்துவதுபோல் ஒரு சத்தம் போட்டது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கவுண்டரில் நின்ற பெண் சொன்னாள், "அங்கிள், டெசர்ட் எடுத்தா மீல் குளோஸ். அது பத்தாவது ரூல்."

பத்தாவது!

"எந்த ஊருல மோளே பாயசத்தோட கை கழுவுவான்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் தெரியும் அங்கிள். நான் மார்த்தாண்டம். எங்க வீட்டுக் கல்யாணத்திலயும் பாயசம் கழிஞ்சுதான் ரசம். ஆனா மிஷின் நம்ம ஊர்ல கல்யாணம் உண்டதில்லியே."

திரும்பிப் பார்த்தேன். மேஜையில் நான்கு பேர், காலித் தட்டுகளோடு, பந்தி விசாரிக்கிறவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீனு விரலால் பாயசக் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சென்னை வீட்டின் எட்டாவது மாடி ஜன்னல் கண்ணில் தெரிந்தது.

என் முகத்தைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ. "வெறும் சோறு மட்டும்னா இந்த மிஷின்ல அதுக்குப் பட்டன் இல்ல அங்கிள். பட்டன் இல்லாதத நான் தரலாம். கொளம்பு கேக்காதீங்க" என்றாள். ஐந்து தட்டிலும் மலைபோல் அள்ளி வைத்தாள்.

தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தேன். வெள்ளைச் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இத என்னத்த ஊத்தித் திங்க?" என்றான் முருகேஷ்.

சிதம்பரம்தான் சொன்னான். "அத்தான், அந்த மருந்த எடுங்கோ."

எடுத்தேன். வேறு வழி இருந்ததா? கையைத் துண்டில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு துண்டு வைத்தேன்.

மீனு எரிப்புக்கு உஸ்ஸென்றாள், ஆனால் நிறுத்தவில்லை. முருகேஷ் முதல் உருண்டையை வாயில் வைத்தவன் கொஞ்சநேரம் மெல்லாமல் இருந்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வேகமாகத் தின்றான்.

பாதித் தட்டு தீர்ந்ததும் நிமிர்ந்தான். "பந்தயத்துல தோத்துட்டேளேப்பா."

"ஆமா."

"ஒருநேரங்கூட நீங்க சோறு போடல. போட்டது அம்மை."

"ஆமா" என்றேன்.

அவன் பரணிக்குள் எட்டிப் பார்த்தான். "சரி. இது தீருதவரைக்கும் பூதப்பாண்டியில இருங்கோ. தீந்த அன்னைக்கு வண்டில ஏறணும். பேச்சு மாறப்பிடாது."

எனக்கு மூச்சு வந்தது. ஒன்பது துண்டு. வாரத்துக்கு ஒன்று. மனசுக்குள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் சிதம்பரம் தட்டை நீட்டினான்.

"இன்னொண்ணு இடுங்கோ அத்தான்."

"போதும்லே, வயித்துக்கு ஆகாது."

"மருந்துதான அத்தான்? ரெண்டா இடுங்கோ."

இட்டேன். இரண்டு வாரம் போனது. "எனக்கும் ஒண்ணு மாமா" என்றாள் சுகந்தி. வாயால் இதுவரை ஒன்றும் கேட்டதில்லாத மருமகள். இன்னொரு வாரம். மீனு கேட்டாள். சட்டத்தைப் போட்ட முருகேஷே வெட்கமில்லாமல் கேட்டான். ஒவ்வொரு துண்டும் விழுகிறபோது நான் சென்னைக்கு ஒரு ஸ்டேஷன் கிட்டே போய்க்கொண்டிருந்தேன்.

நான்கு துண்டு மிச்சம் இருந்தபோது மூடித் துணியைக் கட்டினேன். பின்னால் ஒரு குரல். "அங்கிள்..." மார்த்தாண்டத்துப் பெண், கையில் அவளுடைய சாப்பாட்டுத் தட்டு. "மணம் அங்க வரைக்கும் வருது. ஒரு துண்டு கிட்டுமா?"

துணியை அவிழ்த்தேன். நாங்கள் தின்ற சோறு அவள் போட்டது.

சாயங்காலப் பலகாரத்துக்குக் கைப்பட்டைகளைச் சுகந்தியிடம் கொடுத்துவிட்டேன். அவள் பதினான்கு விதியையும் நின்றபடியே வாசித்து, ஐந்து நிமிடத்தில் ஐந்து பேருக்கும் வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்று நாள் கட்டம் போட்ட காலண்டரை அந்தப் பஜ்ஜியின் எண்ணெய் ஒற்றப் பயன்படுத்தினோம்.

அவர்கள் சென்னைக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. முருகேஷ் ஞாயிறுதோறும் கூப்பிட்டு, "தீந்தாச்சா?" என்று கேட்கிறான். நான் சோற்றுக்குத் தயிர் மட்டும் விட்டுக்கொள்கிறேன். தினமும் காலையில் கையைத் துடைத்துக்கொண்டு பரணியைக் குலுக்கி வைக்கிறேன்.

மூன்று துண்டு இருக்கிறது.