சொடக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு

நீலகிரியிலேயே சவ ஊர்வலத்தை மறித்துத் தோள் மாற்றச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் சொடக்கு டாக்டர்தான். என் பள்ளி வேன் பிள்ளைகள்மேல் சத்தியம். வேனை ஓரங்கட்டிவிட்டு என் கண்ணால் பார்த்தேன்.

"ஏனுங்க, பெட்டி தூக்கறவரே! அதே தோள்லயே போனா நாளைக்கு என்கிட்டத்தான் வருவீங்க. மாத்துங்க!"

"யோவ், சாவுய்யா இது!"

"உள்ள படுத்திருக்கறவருக்கு முதுகு வலிக்காதுங்க. நான் உங்களைச் சொல்றேன்."

வாயைப் பிளந்தபடியே தோள் மாற்றிக்கொண்டார்கள்.

குன்னூரில் ஒரு வர்க்கி ரொட்டிக் கடையின் மாடியில் அவர் வைத்தியம். இறுகிப்போன முதுகையும் கழுத்தையும் கையாலேயே அழுத்தித் திருப்பி, வலியைக் குறைத்து அசைய வைப்பார். பலகையில் கைரோபிராக்டிக் என்று இருந்தது. அது எங்கள் வாயில் நுழையவில்லை. அவர் கை பட்டதும் வரும் சத்தம்தான் பெயராக நின்றது.

போன மழைக்காலத்தில் என் கழுத்து வலப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. நான் கேத்தியிலிருந்து குன்னூருக்குப் பதினான்கு பிள்ளைகளை ஏற்றி வரும் பள்ளி வேன் டிரைவர். கொண்டை ஊசி வளைவில் திரும்பிப் பார்க்க முடியாதவனிடம் யார் பிள்ளையை விடுவார்கள்? பள்ளியில் பத்து நாள் லீவு கொடுத்தார்கள். அதற்குள் சரியாகாவிட்டால் வேறு டிரைவராம்.

என் மனைவி ஸ்டெல்லா என்னை மாடிக்கு இழுத்துப்போனாள்.

"கை மரத்துப் போகுதுங்களா? தலை சுத்துதுங்களா? அப்படின்னா நான் தொடமாட்டேன், நேரா பெரியாஸ்பத்திரிதான்" என்றார் டாக்டர். இல்லை என்றேன். உடனே என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு வர்க்கி டின் மூடியைக் கையில் கொடுத்தார்.

"இதான் ஸ்டீரிங். ஓட்டுங்க."

ஓட்டினேன். வேறென்ன செய்ய?

"இப்ப மிஸ்ட் இறங்குது!"

என் தலை தானாக வலப்பக்கம் சாய்ந்து வெளியே நீண்டது.

"தலை ஏனுங்க ஜன்னலுக்கு வெளிய போகுது?"

"வைப்பர் ரப்பர் தேஞ்சுபோச்சுங்க. ரெண்டு மாசமா எட்டிப் பாத்துத்தான் ஓட்டறேன்."

"பதினாலு புள்ளைங்கள வெச்சுக்கிட்டா!" என்று கத்தினாள் ஸ்டெல்லா. டாக்டர் என் கையிலிருந்த டின் மூடியைப் பிடுங்கிக்கொண்டார்.

பிறகு என்னைப் படுக்கவைத்து, கழுத்தை நீவிக்கொண்டே இருந்தவர், சட்டென்று... சொடக்!

"ஐயோ, கொன்னுட்டாரே!"

கடைக்காரர் மாவுக் கையோடு மாடிக்கு ஓடிவந்தார். செத்துவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன். அலறல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஸ்டெல்லா நின்றது வலப்பக்கம்.

முழுதாகத் திரும்பவில்லை, பாதிதான். மீதிக்கு இன்னும் இரண்டு தடவை போனேன், வீட்டில் தினமும் கழுத்துப் பயிற்சியும் செய்தேன். அவர் தந்த சீட்டில் மருந்தே இல்லை. 'வைப்பர் ரப்பர் இரண்டு. மாட்டாமல் வண்டியை எடுக்கக் கூடாது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தார்.

பத்தாம் நாள் பள்ளிக்கூடத்துக்காரர்கள் முன்னால் வேனை ஓட்டிக் காட்டினேன். சாவி என் கையிலேயே இருக்கிறது.

இப்போது தினமும் காலையில் அவர் மாடி ஜன்னலில் நின்று என் கழுத்தைக் கண்காணிக்கிறார். நானும் வேனை மெதுவாக்கி, நன்றாகத் திரும்பி அவரைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். அந்த இடத்தில் வளைவே கிடையாது.