குடமுருட்டிப் பாலம் முடியாத வரைக்கும்

தியாகராசனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கைதான். மனைவி வானதி எதைச் செய்ய வேண்டாம் என்கிறாளோ, அதைச் செய்துவிடுவது. குடை இல்லாமல் போகாதீங்க என்றால் குடையை ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். நனைந்து, தும்மிக்கொண்டே திரும்புவார். அந்தத் தும்மலில் ஒரு வெற்றிக் களை இருக்கும்.

வானதி கெட்டிக்காரத் தையல்காரி. தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு ரவிக்கைக் கடை போட வேண்டும் என்பது அவளுடைய பல வருஷத்து ஆசை. தியாகராசனுக்கோ மத்தியானம் சுடச்சுட முருங்கைக்காய் சாம்பார் வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் நடக்காது. "ரெண்டு பஸ் மாறி நீ எப்படிப் போயிட்டு வருவ?" என்று இத்தனை நாளும் ஓட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளிக்கு லைட் ரயில் விடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். இரண்டே பெட்டி. ஊர்க்காரர்கள் குட்டி ரயில் என்றார்கள்.

"ரயில் வந்தா பஸ் மாற வேண்டாம்ல?" என்றாள் வானதி.

தியாகராசன் அப்போது செல்லதுரையின் டீக்கடையில் நாலு பேர் நடுவில் நின்றிருந்தார். நாலு பேர் இருந்தால் அவருக்கு நாக்கு நீளும். "ரயில் ஓடுற அன்னைக்கு நீ கடையைத் தொற! அன்னையிலேர்ந்து மத்தியானச் சமையல் நான். இது ஆம்பளை வாக்கு!"

"அண்ணே, நீங்க சாட்சி," என்றாள் வானதி, டீ ஆற்றிக்கொண்டிருந்த செல்லதுரையிடம்.

தியாகராசனுக்குப் பயமே இல்லை. இந்த ஊரில் ஒரு மதகுக்குப் பலகை போடவே மூன்று பொங்கல் ஆகும். ரயிலாவது, வருவதாவது!

ஆனால் தூண்கள் முளைத்தன. தண்டவாளம் வந்தது. அதுவும் அவர் வீட்டுக் கொல்லைத் திடலை உரசிக்கொண்டு வந்தது. அங்கே ஸ்டேஷன் கிடையாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. வேலை நடக்கும் இடத்தில் ஒரு போர்டு. அதில் திறப்பு விழா பொங்கலுக்கு என்றிருந்தது. பொங்கல் போனதும் அதன்மேல் சித்திரை என்று ஒட்டினார்கள். பிறகு ஆடி என்று ஒட்டினார்கள். போர்டு தடித்துக்கொண்டே போனது. ரயில் வருமா வராதா என்பது தியாகராசனுக்குப் பிடிபடவில்லை. தினமும் டீக்கடையில் போய் நாடி பார்ப்பார்.

"தொண்ணூறு சதவீதம் முடிஞ்சுதாம்ணே," என்றார் செல்லதுரை.

"போன வருஷமும் தொண்ணூறுதானே சொன்னே?"

"அது பழைய தொண்ணூறு. இது புதுத் தொண்ணூறு."

"ரெண்டுக்கும் என்னய்யா வித்தியாசம்?"

"பழைய தொண்ணூறுல பாலம் சேர்த்தி. புதுத் தொண்ணூறுல பாலம் தனி."

தியாகராசனுக்குத் தலை சுற்றியது. பாலம் என்ற ஒரு சொல் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்தது. ஊரைத் தாண்டினால் குடமுருட்டி. அதைக் கடந்தால்தான் திருக்காட்டுப்பள்ளி. ஆறு வறண்டு கிடக்கும்போதுதான் பாலத்துக்குக் கால் நட முடியும். மேட்டூரைத் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் தை மாசம் வரைக்கும் யாரும் ஆற்றில் இறங்க முடியாது.

அந்த வருஷம் மேட்டூர் அணை திறக்க வேண்டும் என்று தியாகராசன் வேண்டிக்கொண்டதைப் போல டெல்டாவில் எந்த விவசாயியும் வேண்டியிருக்க மாட்டான். திறந்தார்கள். குடமுருட்டியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. தியாகராசன் கரையில் நின்று கைதட்டினார். குறுவைக்குத் தண்ணீர் வந்த சந்தோஷம் என்று ஊர் நினைத்தது. பாலத்துக்கு அந்தக் கரையில் ஒரு கால், இந்தக் கரையில் ஒரு கால். நடுவில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து, "இன்னைக்குக் கேசரி கிண்டு," என்றார்.

வானதி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேசரி கிண்டினாள்.

மறுநாள் ரயில் வேலையைப் பார்க்கும் இன்ஜினியர் இர்பான் வீட்டுக்கு வந்தார்.

"சார், உங்க கொல்லைத் திடல் கொஞ்ச நாளைக்கு வேணும். கல்லு, மண்ணு, சாமான் எல்லாம் இறக்கணும்."

அடுப்படியிலிருந்து வானதி பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "ஏங்க, குடுக்காதீங்க! குடுத்தா வேலையை இன்னும் இழுத்தடிப்பாங்க!"

தியாகராசனின் காது நிமிர்ந்தது. "எவ்வளவு நாளைக்கு வேணும் தம்பி?"

"பாலம் முடியிற வரைக்கும் சார்."

"பாலம் எப்ப முடியும்?"

"சொல்ல முடியாது சார்."

இப்படி ஒரு இனிமையான பதிலை அவர் கேட்டதே இல்லை. "எடுத்துக்கங்க தம்பி. முழுசா எடுத்துக்கங்க!"

"கேக்கவே மாட்டீங்களே," என்று வானதி தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மண் வந்தது. கல் வந்தது. தியாகராசனே முன்னால் நின்று லாரிக்கு வழி காட்டினார். ஆனால் அடுக்குகிற விதம்தான் அவருக்குப் புரியவில்லை.

"ஏன் தம்பி, கல்லைக் குவிக்காம நீட்டமா அடுக்குறீங்க?"

"குவிச்சா சரிஞ்சிடும் சார்."

"மேல சிமெண்ட் எதுக்கு?"

"மழை பெஞ்சா வழுக்கக்கூடாதுல்ல சார்."

யார் வழுக்கக்கூடாது என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் வானதி குறுக்கே வந்தாள். "கூரை மட்டும் போட விடாதீங்க. கொல்லை இருட்டாயிடும்."

"கூரை போடுங்க தம்பி!" என்று கர்ஜித்தார் தியாகராசன்.

கூரை வந்தது. பெஞ்சு வந்தது. "இது யாரு உக்கார?" என்றார். "யாரு வேணா உக்காரலாம் சார்," என்றார் இர்பான். இவ்வளவு மரியாதையான காண்டிராக்ட் ஆட்களை அவர் பார்த்ததே இல்லை. சாயங்காலம் ஆனால் அந்தப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, முடியாத பாலத்தை நினைத்து மகிழ்வார். சாக்குப்பையால் மூடிய ஒரு பெரிய போர்டைக் கொண்டுவந்து நட்டார்கள். அடுத்த தேதியைத்தான் எழுதியிருப்பார்கள் என்று முடிவு செய்துகொண்டார்.

ஒருநாள் அந்தப் பெஞ்சுக்கு வானதி அளவு நாடாவோடு வந்தாள். "எழுந்திரிங்க. கையைத் தூக்குங்க."

"தீபாவளிச் சட்டையா?"

"ஏதோ ஒண்ணு தைக்கலாம்னு."

"தோள் அளவு எடுக்கலையே?"

"இடுப்பும் உயரமும் போதும்."

இடுப்பும் உயரமும் மட்டும் வைத்து என்ன சட்டை தைப்பது? யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. விட்டுவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், வாய் நிறையப் பற்பசை நுரையோடு கொல்லைக்கு வந்தவர் அப்படியே நின்றார். திடல் முழுக்க ஊர் ஜனம். வாழைமரம், தோரணம். சாக்கை உரித்த போர்டில் ஊர்ப் பெயர் மஞ்சளாக மின்னியது. அதற்குப் பக்கத்தில், மாலை போட்டுக்கொண்டு, இரண்டு பெட்டி ரயில்.

பட்டுப்புடவையும் தையல் பையுமாக வானதி அதில் ஏறிக்கொண்டிருந்தாள்.

நுரையை விழுங்கிவிட்டார். "வானதி! இது எப்படி வந்துச்சு? பாலம் முடியலையே!"

"முடியலைங்க. அதனாலதான் இங்க வரைக்கும் விட்டிருக்காங்க. பாலம் முடிஞ்சிருந்தா நம்ம ஊர்ல நிக்காமலே போயிருக்கும்."

"ஆத்தைத் தாண்டாம ஓடுனா அது ஒரு ரயிலா?"

"நான் எதுக்குங்க ஆத்தைத் தாண்டணும்? நான் போறது தஞ்சாவூருக்கு."

தியாகராசன் இர்பான் பக்கம் திரும்பினார். "தம்பி, சாமான் போடத்தானே எடம் கேட்டீங்க?"

"சாமான் போட்டுத்தான் சார் பிளாட்பாரம் கட்டினோம்."

கடைசி நம்பிக்கையாகச் செல்லதுரையைப் பார்த்தார். "யோவ், நான் முழு ரயிலைத்தானே சொன்னேன்?"

"ரயில் ஓடுற அன்னைக்குன்னுதான் சொன்னீங்கண்ணே. அரையா முழுசான்னு சொல்லலையே."

ஊரே சிரித்தது. தியாகராசனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. பந்தியில் யாரும் பரிமாறாமல் விட்டுப்போன ஆள் மாதிரி நின்றார். வானதிக்கே மனசு இளகிவிட்டது போலும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"விடுங்க அண்ணே, அவரைப் படுத்தாதீங்க. ஏங்க, நீங்க சமைக்காதீங்க. ஓட்டல்ல சாப்பிட்டுக்கங்க. முருங்கைக்காய் சாம்பார் எல்லாம் உங்களுக்கு வராது. அடுப்புப் பக்கமே போயிடாதீங்க!"

தியாகராசனின் முதுகு நிமிர்ந்தது. "யாருக்கு வராது? யாரைப் பாத்து வராதுங்கிற? இன்னைக்கு வைக்கிறேன் பாரு!" என்று முழங்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று அடுப்படிக்குள் நுழைந்தார்.

மேடையில் பருப்பு களைந்து வைத்திருந்தது. புளி ஊறிக்கொண்டிருந்தது. முருங்கைக்காய் நறுக்கித் தயாராக இருந்தது. பக்கத்தில் மடிப்புக் கலையாமல் ஒரு புது ஏப்ரன்.

கட்டிப் பார்த்தார். இடுப்பும் உயரமும் கச்சிதம்.