அரை இட்லியில் வளர்ந்த பிள்ளை

"…காலையில அரை இட்லி, மத்தியானம் ரெண்டு வாய் சோறு, ராத்திரி கால் தோசை. ரெண்டு மாசமா இதத் தின்னுக்கிட்டு ஒரு பிள்ளை ஒண்ணரைக் கிலோ ஏறியிருக்கான்னா, அது தின்ன சாப்பாடு இல்ல, உடம்புல நீர் கோத்திருக்குன்னுதான் டாக்டரம்மா பயப்படுதாவ. பிள்ளை எங்க ராணி? தூக்கிட்டு வா."

இப்படிச் சொன்னவர் ஜெபமணி சிஸ்டர். சாயர்புரத்துக்காரர். மில்லர்புரத்தில் நாங்கள் போகிற குழந்தைகள் கிளினிக்கில் மூத்த நர்ஸ். சொன்ன இடம் எங்கள் வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தல். என் மகன் முகிலனுக்குக் காது குத்த ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். சிஸ்டரின் ஒரு கையில் எடை மெஷின், மறு கையில் மூத்திரம் பிடிக்கிற பாட்டில். காதுகுத்துக்கு மொய்க்கவரோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறோம், சில்வர் குடத்தோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். பாட்டிலோடு வந்தவர் எங்கள் தெருவிலேயே அவர் ஒருவர்தான்.

ராணி என்பது நான். நூற்றைம்பது பேருக்கு நடுவில் பட்டுச்சேலையோடு பூமிக்குள் போக வழி தேடிக்கொண்டிருந்தவளும் நான்தான்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு ஆப். ஆப்பைச் சொல்லிக் குற்றமில்லை, காரணம் என் வாய்.

நான் தையல்காரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான் அதை விடவில்லை என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன்). மிச்சப் படிப்பை, சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களின் பேச்சில் படித்தேன். "டேப்பைக் கண்டா வயித்தை எக்குதே, போனதும் விடுதே, ராணி நீ எக்கினதுக்குத் தைக்கணுமா, விட்டதுக்குத் தைக்கணுமா?" என்று என்னிடம் தைக்கக் கொடுக்கும் ஒரு அக்கா தன் மகளைக் கேட்டாள். பட்டம் வாங்கியவர்கள்கூட இப்படிக் கேட்க மாட்டார்கள். நல்ல பேச்சைக் கேட்டால் நானும் நாலு பேரிடம் போய்ச் சொல்லாமல் இருக்க மாட்டேன். தெருவில் எனக்குப் பெயரே 'ராணி ரேடியோ'.

அந்த ரேடியோவை நம்பித்தான் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். முகிலனுக்கு அப்போது மூன்று வயது. சுவரில் இருந்த வளர்ச்சிப் படத்தில் விரலை வைத்து, "உயரம் இங்கே போகிறது, எடை அதைத் தாண்டி இங்கே போகிறது. இது நோய் இல்லை ராணி. இப்போதே பார்த்துக்கொண்டால் மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல் சரியாகும். விட்டால் பின்னால் கஷ்டம்" என்றார். பிறகு ஆப்பைக் காட்டினார். பிள்ளை என்ன சாப்பிட்டது, எவ்வளவு நேரம் விளையாடியது, எவ்வளவு நேரம் போன் பார்த்தது, எப்போது தூங்கியது என்று தாய் தினமும் பதிவு செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை எடையும் உயரமும் கிளினிக்கில் எடுப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஆப் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும். "உன் தெருவில் ஒரு குழு சேர்த்துக் கொடு. மூன்று மாதம் பார்ப்பேன். உண்மையாகப் பதிந்தால் தொடர்ந்து நடத்தலாம். இல்லாவிட்டால் குழுவை மூடிவிட்டு வேறு தெருவுக்குப் போய்விடுவேன்" என்றார்.

என்னையும் சேர்த்து இருபத்திரண்டு தாய்மாரைக் குழுவில் சேர்த்தேன். ஒவ்வொருத்தி போனிலும் நானே ஆப்பை இறக்கிக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் கம்பெனிக்கே நான்தான் மேனேஜர் என்கிற நடை வந்துவிட்டது எனக்கு.

சிக்கல் முதல் நாளே வந்தது. ஒரு தாய் பதிந்ததைக் குழுவில் மற்ற இருபத்தொரு பேரும் பார்க்கலாம். ஒருவருக்கொருவர் ஊக்கமாக இருக்கட்டும் என்று அதை அப்படிச் செய்திருந்தார்கள். செய்தவர் எந்த ஊரோ தெரியாது, எங்கள் ஊர் இல்லை.

எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்று நாலு பேர் முன்னால் எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். பிள்ளையின் இரண்டு கன்னமும் பணியாரம் போல இருக்கும். "எங்க, ஒண்ணும் திங்க மாட்டேங்கான்" என்பாள். கேட்டவளும் "எங்க வீட்லயும் அதே கதைதான்" என்பாள். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும். சொன்னால் கண் பட்டுவிடும், அவ்வளவுதான். இருபத்தொரு பேர் கண்ணுக்கு முன்னால் 'ஐந்து இட்லி' என்று எழுதி வைக்க யாருக்குக் கை வரும்?

முதலாவதாகப் பக்கத்து வீட்டு மேரி வந்தாள். "ஏளா ராணி, எம்மவ மூணு தோசை தின்னா. அத அப்படியே போடணுமாக்கும்?"

மேனேஜரான நான் ஒரு நொடி யோசித்தேன். "பாதியாப் போடு. எல்லாரும் பாதியாப் போட்டா கணக்கு ஒண்ணுபோலத்தான வரும்?"

இதை நான் பெரிய மூளை என்று நினைத்தேன். மாலைக்குள் இருபத்திரண்டு வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. பாதி என்று சொன்னதைச் சிலர் கால் ஆக்கினார்கள். ஒருத்தி தன் மகனுக்கு மூன்று நாள் வெறும் 'தண்ணீர்' என்று போட்டிருந்தாள். என் மகனுக்கு அரை இட்லி. குழுவின் தலைவி மகன் அதற்கு மேல் சாப்பிட்டால் நன்றாகவா இருக்கும்?

முகிலன் அப்போது காலையில் ஐந்து இட்லி சாப்பிடுவான். அது போக, கடைக்குப் போகும்போது ஒரு முந்திரி மக்ரூன், வரும்போது ஒன்று. உடன்குடியிலிருந்து என் அண்ணன் அனுப்பும் கருப்பட்டியை மிட்டாய் மாதிரி உடைத்து வாயில் ஒதுக்கிக்கொள்வான். இது எதுவும் ஆப்புக்குத் தெரியாது. காதுகுத்துக்கு முந்தின நாள் கிளினிக்கில் எடை எடுத்தது புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண். எடையை ஆப்பில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாள். ராத்திரியோடு ராத்திரியாக ஆப் கணக்குப் போட்டது: சாப்பாடு இல்லை, எடை ஏறுகிறது, உடனே நேரில் பார்க்கவும். காலையில் டாக்டரம்மா ஆறு தடவை அழைத்திருக்கிறார். என் போன் பீரோவுக்குள் நகைப்பெட்டியோடு கிடந்தது. அதனால்தான் சிஸ்டர் ஆட்டோ பிடித்து வந்தார்.

இனி பந்தலுக்கு வருகிறேன்.

முகிலனைத் தேட வேண்டிய வேலையே இல்லை. மாமன் மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக, கைக்கொரு மக்ரூனோடு உட்கார்ந்திருந்தான். சிஸ்டர் குனிந்து அவன் கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தினார். நீர் கோத்திருந்தால் குழி விழுமாம், விழவில்லை. கண் இமையைப் பார்த்தார். அதிலும் வீக்கம் இல்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டான்?"

சத்தியமாகச் சொல்கிறேன், உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சுற்றிலும் முந்நூறு கண். வாய் தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. "ஒண்ணும் திங்கலையே சிஸ்டர்."

என் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தாய்மாமன் வந்து சீர் செய்கிற இடத்தில் பிள்ளை பட்டினி என்றால் யாருக்குக் கௌரவக் குறைச்சல்? "யார் சொன்னா? என் மடியில உக்காந்துதான ஆறு இட்லி தின்னான். கேசரி தனி."

"ஆறா?" என்றார் சிஸ்டர்.

"சின்ன இட்லி," என்றேன் நான்.

இதற்குள் சிஸ்டர் மூத்திரம் பிடிக்கச் சொல்லிப் பாட்டிலை அண்ணனிடம் கொடுத்திருந்தார். பிடிக்கத் தெரியாத கை, மூடி திறக்கத் தெரியாத பாட்டில். அதில் விழ வேண்டியது அண்ணனின் பட்டுவேட்டியில் விழுந்தது. ஆசாரி மட்டும் ஊசியோடு இரண்டடி பின்னால் போய்விட்டார். அனுபவசாலி.

சிஸ்டர் போனில் டாக்டரம்மாவை ஸ்பீக்கரில் போட்டார். "ராணி, பயப்படாதே. வீக்கம் எப்போதிலிருந்து?" என்று அந்தக் குரல் கேட்டது. உண்மையாகவே பயந்த குரல். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பிள்ளைக்காக ஒருத்தி இப்படிப் பதறுகிறாள்.

"வீக்கம் இல்ல டாக்டர்," என்றேன். "இட்லி."

பந்தலில் பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும். குழுவின் தாய்மார் இருபத்தொரு பேர் மட்டும் சிரிக்கவில்லை. அவரவர் பிள்ளையைச் சேலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ மத்த பிள்ளைங்க கணக்கு?" என்றார் டாக்டரம்மா.

"பாதியாப் போடச் சொன்னது நான்தான். அவளுவளைக் குத்தம் சொல்லாதீங்க."

குழு முடிந்தது, என் பேச்சை நம்பி வந்தவர்களையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் என் தையல் நோட்டு ஞாபகம் வந்தது. உள்ளே ஓடினேன். தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் நான்தான் தைக்கிறேன். அந்த நோட்டில் கண்ணேறு கிடையாது. டேப் பாதி போடாது.

என் பிள்ளை பக்கத்தை மட்டும் வாசித்தேன். "முகிலன். தீபாவளிக்கு இடுப்பு இருபது. நேத்து, காதுகுத்து நிக்கருக்கு இருபத்திரண்டு. பொங்கலுக்குத் தச்சதை நடுவுல ரெண்டு தடவ பிரிச்சு விட்டுருக்கேன் டாக்டர்." இரண்டு தடவை தையலைப் பிரித்தது இதே கை. கைக்குத் தெரிந்திருக்கிறது. வாய்தான் அரை இட்லி என்று சொல்லிக்கொண்டு திரிந்தது.

நான் கேட்கவில்லை, மேரி தானாக எழுந்தாள். "எம்மவளதையும் வாசிளா." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இடுப்பளவை வைத்து இந்த ஆப் கணக்குப் போடாது ராணி. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. தப்பு உங்கள் மேல் மட்டும் இல்லை, எல்லார் கண் முன்னாலும் எழுதச் சொன்ன எங்கள் மேலும்தான்" என்றார். அடுத்த வாரமே ஆப் செய்தவர்களிடம் பேசி, குழுவில் ஒருவர் பதிவை ஒருவர் பார்க்க முடியாதபடி மாற்றச் சொல்லிவிட்டார். இப்போது தாய் எழுதுவதை சிஸ்டரும் டாக்டரும்தான் பார்ப்பார்கள். வேறு ஊர்களில் அந்த ஆப்பைத் திறக்கிற தாய்மாருக்கும் இப்போது அப்படித்தானாம். அதற்குக் காரணம் மில்லர்புரத்தில் ஒரு எட்டாம் வகுப்புத் தையல்காரி என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. எனக்குத் தெரியும், போதும். (என் வாடிக்கையாளர்களுக்கும் தெரியும். நான் சொல்லாமல் இருப்பேனா?)

இருபத்திரண்டு பேரில் ஒருத்திகூடக் குழுவை விட்டுப் போகவில்லை. சாயங்காலம் பிள்ளைகளை மொத்தமாகக் கூட்டிக்கொண்டு முறை வைத்து விளையாட விடுகிறோம். மக்ரூன் வாரத்துக்கு ஒன்று. முகிலனுக்கு இப்போது ஐந்து வயது. மஞ்சளிலிருந்து பச்சைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த வருஷம் அவன் நிக்கரை ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறேன். வீட்டில் மட்டும் அந்த அரை இட்லிக் கேலி போகவில்லை. விருந்துக்கு வந்தவரிடம் எத்தனை இட்லி வைக்கட்டும் என்று கேட்டால், என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "அவருக்கு ஆப் கணக்கா, அசல் கணக்கா?" என்பார்.

அன்றைக்கு சிஸ்டர் என்ன செய்தார் என்று சொல்லவில்லையே. போனை அணைத்தார். எடை மெஷினை ஓரமாக வைத்துவிட்டுக் கை கழுவினார். பந்தியில் தாய்மாருக்கு நடுவே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். இலையை மூடிவிட்டு எழுந்து, பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "அஞ்சு இட்லி, ரெண்டு வடை, கொஞ்சம் கேசரி. சொன்னா என்ன ஆயிரப் போகுது? இப்படிச் சொல்லிப் பழகுங்களா" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வழியனுப்ப ஆட்டோ வரைக்கும் நான் மட்டும் போனேன். ஏறி உட்கார்ந்தவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுப்படியில மிளகா வத்தல் கிடக்கும்லா, ரெண்டு எடுத்துட்டு வாளா" என்று சொல்லிவிட்டு, நான் சுற்றிப் போட வாகாகத் தலையை வெளியே நீட்டினார்.