சகாதேவன் படகில் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து வந்த இன்னொரு குடும்பமும், சகாதேவனின் பெயரைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே அடுத்த படகில் ஏறியது.

பழவேற்காடு ஏரியில் மீன் குறைந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சவாரிதான் அவன் வீட்டு அடுப்பை எரித்துக்கொண்டிருந்தது. அதற்கும் இப்போது ஆபத்து. பிரசாந்த் என்ற நகைச்சுவைப் பயண எழுத்தாளர் ஓர் இணைய இதழில் எழுதியிருந்ததை, மனைவி ஹேமாவதி போனில் படித்துக் காட்டினாள்.

'சகாதேவன் படகில் போனால் ஏரியைப் பார்க்கலாம். வெளியே கொஞ்சம், உள்ளே நிறைய. எந்தப் பக்கம் இரை தேடுவது என்று ஒரு பூநாரை குழம்பி நின்றது.'

"நம்ம படகுல ஒரு சொட்டு தண்ணி வந்துகீதா? இந்த ஆளை ஏத்தின ஞாபகமே இல்ல" என்றான் சகாதேவன்.

கட்டுரையின் கீழே இருந்த எண்ணுக்கு உடனே போன் போட்டான். பிரசாந்த் நல்ல மனிதர்தான். பயணக் கட்டுரை என்றால் கொஞ்சம் ஊதித்தான் எழுதுவது, யாரும் நம்பமாட்டார்கள் என்றார்.

"நம்பிட்டாங்களே சார்."

அவர் வருந்தி, பாராட்டி எழுதினார்: 'இதைவிட உறுதியான படகு உலகில் இல்லை.' வாசகர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கிண்டலின் உச்சம் என்றார்கள்.

சகாதேவன் மறுபடியும் கூப்பிட்டான். பாராட்டு வேண்டாம், அலங்காரம் வேண்டாம், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதுங்கள் என்றான். அவரும் எழுதினார்: 'படகு போனது. படகு வந்தது. யாரும் நனையவில்லை.'

அதைத்தான் ஊரே பகிர்ந்தது. 'யாரும் நனையவில்லை' என்று பனியனில் அச்சடித்துக்கொண்டு ஒரு கல்லூரிக் கூட்டம் வந்தது. சகாதேவனின் படகோடு படம் எடுத்துக்கொண்டு, பக்கத்துப் படகுக்காரன் ராஜேந்திரனின் படகில் போனது.

கொஞ்ச நாளைக்கு வேறு பெயர் சொல்லிச் சவாரி பிடிக்கச் சொல்லி ஹேமாவதி கெஞ்சினாள்.

"எங்க நைனா வெச்ச பேரு. இன்னா தப்பு பண்ணேன், அத்த ஒளிச்சு வெக்க?"

மறுநாளே படகின் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டில் தன் பெயரை முழம் உயரத்துக்கு எழுதினான். ஆள் ஏறாத படகை எல்லோரும் பார்க்க ஏரியில் ஓட்டினான். சிரித்தவர்களுக்கும் கையசைத்தான்.

மனசு கேட்காமல் பிரசாந்தே மனைவி ஷாலினியோடு கிளம்பி வந்தார். அந்தப் படகில் ஏறிப் போய்வருவதாக முன்கூட்டியே அறிவித்திருந்ததால் கரையெங்கும் போன்கள் உயர்ந்து நின்றன. சகாதேவன் திட்டப்போகிறான் என்று காத்திருந்தார்கள். வந்தவரைப் பசியோடு நிறுத்திவைத்துச் சண்டை போட அவனுக்குத் தெரியாது. முதலில் இட்லி வாங்கிக் கொடுத்தான். பிறகு கையை நீட்டினான்.

பிரசாந்த் ஒரு காலைத் தூக்கினார். கீழே வைத்தார். அடுத்த காலைத் தூக்கினார். வியர்த்துக் கொட்டியது. படகுக்குள் காய்ந்த பலகைமேல் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

"நான் புடிச்சிக்கறேன் சார். போன தபா எப்பிடி ஏறினீங்களோ, அப்பிடியே ஏறுங்க."

அத்தனை போன்களுக்கும் கேட்கும்படி ஷாலினி சொன்னாள்: "போன தடவை இவர் எங்க ஏறினாரு அண்ணா? பயந்துபோய்க் கரையிலேயே உக்காந்துட்டாரு. எல்லாரும் சிரிச்சப்போ, சோடா வாங்கிக் கொடுத்து 'இன்னொரு நாள் போலாம் சார்'னு சொன்னது நீங்க ஒருத்தர்தான், அதான் உங்க பேர் மட்டும் இவருக்கு ஞாபகம் இருந்துச்சு."