அடுப்படிச் சுவருக்குள் ஒரு பவர் பிளக்

ராஜபாளையம்,
12.1.1995

அன்பு மைத்துனன் அய்யூபுக்கு மச்சான் முத்து முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல இறைவன் கிருபையால் இவ்விடம் நான், உன் அக்கா ஹபீபுன்னிசா, மகள் சௌதா, புதிதாகச் சுவருக்குள் குடிவந்திருக்கும் உன் ஓவன் ஆகிய நால்வரும் சௌக்கியம். துபாயில் உன் சௌக்கியத்துக்கு துஆச் செய்கிறோம்.

நிற்க. நீ அனுப்பிய ஓவன் மேடையில் வைக்கிற ரகம் அல்ல, சுவரில் பதிக்கிற ரகம் என்பது பெட்டியைப் பிரித்த பிறகே தெரிந்தது. பேண்டேஜ் கம்பெனியில் அத்தனை வருஷம் மோட்டாரோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் வேலையை நானே முன்நின்று நடத்தினேன். கொத்தனாரை விட்டுச் சுவரில் பொந்து எடுத்து, பக்கத்துத் தெரு எலக்ட்ரீசியன் பொன்னுராஜை வரச்சொல்லி, மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுத்து, பொந்துக்குள்ளேயே பவர் பிளக்கும் சுவிட்சும் வைக்கச் சொன்னேன். ஓவனைத் தள்ளினா பிளக்கு முட்டி நாலு விரக்கடை வெளிய துருத்திக்கிட்டு நிக்குது. "அண்ணாச்சி, பிளக்க வேற எடத்துக்கு மாத்திருவமா?"ன்னான் பொன்னுராஜ். "ஏலே, சுவத்த இன்னும் குடைலே"ன்னேன். குடைஞ்சான். ஓவன் உள்ள போயி கச்சிதமா உக்காந்துருச்சு. வயரும் தெரியல, சுவிட்சும் தெரியல. எனக்கு அம்புட்டுப் பெருமை.

மறுநாள்தான் சௌதாவைப் பாக்க ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து சேக் முகைதீன் ராவுத்தர் குடும்பத்தோட வந்தாங்க. நல்ல இடம், அவரு மகன்தான் மாப்பிள்ளை, பேங்க் வேலை. உன் அக்கா கேக் மாவக் கலக்கி வச்சிட்டு, மொதல்ல ஓவன் சூடாகட்டும்னு போட்டுட்டு வந்தா. செத்த நேரத்துல அடுப்படியிலருந்து பொசுங்குன வாடை, பொறவு கரும்புகை. "வயரு எரியுதுடோய்"னு கத்திக்கிட்டு ஓடுறேன், சுவிட்சு எங்க இருக்கு? ஓவனுக்குப் பின்னாடி! ஓவன இழுக்கப் போனா கை சுடுது. வெள்ளைச் சட்டையோட வந்த சேக் முகைதீனும் ஒரு பக்கம் பிடிச்சு இழுக்காரு. அவியளுக்கு ஷாக் அடிச்சா சம்பந்தம் என்னத்துக்கு ஆகும்?

அப்பத்தான் அய்யூப், உன் அக்காவ நீ பாத்திருக்கணும். பட்டுச்சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு நேரா மெயின் போர்டுக்குப் போயி பீஸ் கட்டையப் பிடுங்கினா. "ரெண்டு பேரும் கைய எடுங்க"ன்னா. எடுத்துட்டோம். எங்க ரெண்டு பேரையும் கூடத்துல உக்கார வச்சிட்டு அவ மட்டும் அடுப்படிக்குள்ள போனா. பொறவு உளி சத்தம் கேட்டு எட்டிப் பாக்கேன், பக்கத்து அலமாரித் தடுப்புல அவளே ஓட்டை போட்டுக்கிட்டு இருக்கா! பொன்னுராஜைக் கூப்பிட்டு விட்டு, சுவிட்சையும் பிளக்கையும் அந்த அலமாரிக்குள்ள மாத்த வச்சா. கதவத் தொறந்தா கைக்கு எட்டுது. கேக்கும் வெந்துச்சு. சேக் முகைதீன் ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு, "இம்புட்டு நிதானமான அம்மா வளத்த பொண்ணு எங்க வீட்டுக்கு வரக் குடுத்து வச்சிருக்கணும்"னு சொல்லிட்டாரு. நிக்காஹ் ஷவ்வால் மாசம். எரியிற வயர ஒத்த ஆளா அணைச்சு மகளக் கரையேத்தின உன் அக்காவ நெனச்சா எனக்கு நெஞ்சு விம்முதுப்பா.

உனக்கு நீண்ட ஆயுளையும் சீக்கிரம் லீவையும் அல்லாஹ் தருவானாக. கல்யாணத்துக்குக் கட்டாயம் வந்து சேரு.

இப்படிக்கு,
முத்து முகம்மது

பி.கு: ஒட்டுறதுக்கு முன்னாடி உன் அக்கா இதை வாசிச்சிட்டுச் சிரிக்கா. வயரு எரியவே இல்லையாம். ஓவனுக்குள்ள அடியில கெடந்த தெர்மோகோல நான் எடுக்காம விட்டுட்டேனாம், பொசுங்குனது அதுதானாம். ஓவன் கதவத் தொறந்து பாத்து, அதைச் சத்தமில்லாமக் குப்பையில போட்டுட்டாளாம். "அப்ப எதுக்குட்டி அலமாரிய ஒடைச்சே?"ன்னு கேட்டேன். "சுவிட்சு கைக்கு எட்டணும்னு சும்மா கேட்டா ஒடைக்க விட்டிருப்பியளா?"ங்கா. சேக் முகைதீன் ராவுத்தருக்கு நீ கடிதம் எழுதினா, வயருன்னே எழுது.