வாக்குறுதி நிறைவேறிய விபரீதம்

பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடியியலும் அரசாங்க நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதனால் ஜார்ஜ் டவுனில் இருந்த அந்தத் தமிழ்ப்பள்ளிக்கு மேலிடத்து உத்தரவு வந்தபோது எல்லாரும் மகிழ்ந்தார்கள். மக்களாட்சியை ஏட்டில் படித்தால் போதாது, வகுப்பில் தேர்தல் நடத்திக் காட்ட வேண்டும் என்றது உத்தரவு. மேற்பார்வைக்குத் திருநாவுக்கரசு என்ற அதிகாரி வந்து சேர்ந்தார். அவருடைய பதவி குடிமைப் பண்பு வளர்ச்சி ஒருங்கிணைப்புத் துணை உதவி இணை அலுவலர். இதை மூச்சு விடாமல் சொல்லக்கூடியவர் அந்த அலுவலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

ஐந்தாம் ஆண்டு வகுப்புத் தலைவர் பதவிக்கு இருவர் நின்றார்கள். வகுப்புக்குக் குளிரூட்ட ஏர்கோன், நீச்சல் குளம், வாரத்துக்கு நான்கு நாள் விடுமுறை, மூன்றையும் தருவதாகச் சொன்னான் கிளிஃபர்ட். அதிகாரி மெய்மறந்து கை தட்டினார்.

"பையனுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு, டீச்சர்" என்று வகுப்பாசிரியை ரீத்தாவிடம் சொன்னார்.

அடுத்து பெவர்லி எழுந்து, கூரையில் தொங்கிய மின்விசிறியை நோக்கிக் கையைக் காட்டினாள். "அந்தக் காத்தாடி ரொம்ப நாளா சுத்தல. நான் சுத்த வைக்கிறேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு வெயில் அதிகம். பெவர்லி வென்றாள்.

அதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது. திங்கட்கிழமை விபரீதம் நேர்ந்தது. காத்தாடி சுற்றியது.

பெவர்லியின் அம்மா சோஃபியா புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். சனிக்கிழமை தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஏணி போட்டு ஏறி, ஏதோ சின்னச் சாமானை மாற்றிவிட்டுப் போயிருந்தார். பிள்ளைகள் தலைமுடி பறக்க உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். சிலருக்கு விடைகூடச் சரியாக வந்தது.

செய்தி கேட்டுத் திருநாவுக்கரசு ஓடி வந்தார். வாசலிலேயே காற்று முகத்தில் பட்டது. முகம் வெளுத்துப்போனது.

"யாரும்மா இதைச் சுத்த விட்டது?"

"நான்தான் சார். அன்னிக்கே சொன்னேன்ல?" என்றாள் பெவர்லி.

"சொன்னே, சரி. சொல்றதோட பாடம் முடிஞ்சு போச்சும்மா! செய்றதெல்லாம் சிலபஸ்ல இல்ல."

"சொன்னா செய்யணும்தானே சார்?"

"செஞ்சு தொலைச்சிட்டா, அடுத்த தேர்தலுக்கு எதைச் சொல்லுவே?"

பெவர்லி சற்று யோசித்தாள். "கழிப்பறைக் குழாய் இருக்கு சார்."

அதிகாரி உட்கார நாற்காலி தேடினார்.

ரீத்தா குறுக்கிட்டார். "சார், பிள்ளைங்க வேர்க்காம படிக்குதுங்க. நல்லதுதானே லா?"

"டீச்சர், எங்க ஆபீஸைப் பொறுத்தவரைக்கும் இந்தக் காத்தாடி சுத்தல. சுத்தாத காத்தாடிக்கு ஒரு குழு போட்டிருக்கோம். குழு கூடுறதுக்கு மண்டபம் பாத்துக்கிட்டு இருக்கோம். இது பாட்டுக்குச் சுத்துச்சுன்னா அந்தக் குழு எங்க போகும்? அவங்களும் பிள்ளைகுட்டிக்காரங்க."

இந்த வாதத்தின் நியாயம் தலைமையாசிரியரை உலுக்கிவிட்டது. முறைப்படி திறந்து வைக்கப்படும் வரை காத்தாடி சுற்றக்கூடாது என்று முடிவானது. சுவிட்சின் மேல் நாடா ஒட்டினார்கள். திறப்பு விழாவுக்காகப் பிள்ளைகள் 'தென்றலே வா' என்று ஒரு நடனம் பழகினார்கள், வேர்க்க வேர்க்க.

விழாவுக்கு டத்தோ பட்டம் பெற்ற பெரிய மனிதர் ஒருவர் வந்தார். ஆளுயர மாலை போட்டார்கள். காத்தாடி இறக்கையில் கட்டிய ரிப்பனைக் கீழே இழுத்து, அவர் வெட்டுவதற்கு வாகாகப் பதாகையில் முடிந்திருந்தார்கள். கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். டத்தோவுக்கு அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டது. முதலில் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

காத்தாடி தன் கடமையைச் செய்தது. ரிப்பனை இழுத்தது. ரிப்பன் பதாகையை இழுத்தது. பதாகை டத்தோவின் மாலையில் மாட்டி மாலையை இழுத்தது. மாலையோடு டத்தோ போகாமல் இருக்க, திருநாவுக்கரசு டத்தோவை இழுத்தார். மாலை அறுந்து ரோஜா இதழ்கள் வகுப்பெங்கும் மழையாகக் கொட்டின. நடனக் குழு இதைச் சைகை என்று எண்ணி ஆடத் தொடங்கியது. மேலே 'டப்' என்று ஒரு சத்தம். புகை. காத்தாடி நின்றது.

எல்லாரும் பழக்கத்தில் கை தட்டினார்கள். "காத்தாடி இனிதே திறந்து வைக்கப்பட்டது" என்று தரையில் உட்கார்ந்தபடியே அறிவித்தார் டத்தோ.

"அம்மாவைக் கூப்பிடவா சார்?" என்று கேட்டாள் பெவர்லி.

"கூடவே கூடாது! இது இப்ப திறந்து வைக்கப்பட்ட காத்தாடி. திறந்து வைக்கப்பட்டது கெட்டுப்போகாது."

விசாரணை நடந்தது. காத்தாடி நின்றதற்குக் காரணம் அது சுற்றியதுதான் என்று தெரியவந்தது. சுற்றியதற்குக் காரணம் பெவர்லி. ஆகவே அவளைப் பதவியிலிருந்து நீக்கப் பெற்றோர் கூட்டம் கூட்டப்பட்டது.

பெவர்லியை நீக்குவதா என்று பெற்றோர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகத் தீப்பொறி பறந்தது. அதிலும் கிளிஃபர்டின் அப்பா லாரன்ஸ், ஜுருவில் கார் விற்பவர், 'இந்த அநியாயத்தை விடவே கூடாது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார். கூட்டத்துக்கு எல்லாரும் இப்போதைய நாகரிகப்படி கழுத்தில் பேட்டரியில் சுற்றும் குட்டிக் காத்தாடி மாட்டிக்கொண்டு வந்தார்கள்.

"பெவர்லியை நீக்குறதுல ஆட்சேபம் உள்ளவங்க கையைத் தூக்குங்க" என்றார் திருநாவுக்கரசு.

சோஃபியா தூக்கினார். ரீத்தா பாதி தூக்கி, அந்தக் கையாலேயே கொண்டையைச் சரிசெய்துகொண்டார். மற்றவர்களின் கழுத்துக் காத்தாடிகள் மட்டும் 'விர்' என்று சுற்றிக்கொண்டிருந்தன. பின்வரிசையில் யாரோ பிரியாணி எப்போது என்று கேட்டார்கள்.

பெவர்லி நீக்கப்பட்டாள். கிளிஃபர்ட் போட்டியின்றித் தலைவரானான்.

கூட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில், காரில், அவன் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்.

"அப்பா, நாளைக்குக் குடியியல் பரீட்சை. குடிமக்கள்னா யாரு?"

"நாம எல்லாரும்தான்டா" என்றார் லாரன்ஸ். "தப்பு நடந்தா தட்டிக் கேக்கிற உரிமை உள்ளவங்க."

கிளிஃபர்ட் அதை அப்படியே எழுதிக்கொண்டான். பிறகு பென்சிலைக் கடித்தபடி கேட்டான்.

"அப்போ இன்னிக்குக் கூட்டத்துக்குக் குடிமக்கள்ல ஒரே ஒருத்தவங்கதான் வந்திருந்தாங்களாப்பா?"

லாரன்ஸ் வானொலியைச் சத்தமாக வைத்தார்.