பதினோராம் தேர்வும் பாழாய்ப்போன சபதமும்

இனி ஜென்மத்துக்கும் அந்த அரங்கத்துக்குள் கால் வைக்க மாட்டேன்!

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, மில்வாக்கியில், என் வீட்டு சோபாவின் மேல் ஏறி நின்று இப்படிச் சபதம் செய்தேன். ஒரு கையில் சாசேஜ், இன்னொரு கையில் பீர். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு ஓட்டிஸ்.

காரணம் இல்லாமல் இல்லை. டி.வி.யில் கூடைப்பந்து டிராஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு டீமும் வரிசையாக வந்து புதுப் பையன்களைப் பொறுக்கி எடுக்கும் நாள். எங்கள் டீமுக்குப் பதினோராவது இடம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள்தான், ட்ரெமைன் ஹோல்கம். ஏழடி. அவன் கூடைக்கு அடியில் நின்றால் காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரும். அவனை ஒன்பதாவது இடத்திலேயே வேறொரு டீம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. போகட்டும், மனசைத் தேற்றிக்கொண்டேன். எங்கள் முறை வந்தது. யாரை எடுத்தார்கள்? லித்துவேனியாவிலிருந்து ஒரு பையனை! எங்கள் டீம் தொப்பியை மாட்டிக்கொண்டு மேடையில் பல்லைக் காட்டினான். தொப்பி தெரிந்தது. பையனைத்தான் தேட வேண்டியிருந்தது.

"இவனா? பந்தைத் தூக்கிப் போட்டா இவனும் கூடவே பறந்துடுவானே!"

"கத்தாத வெர்ன், பி.பி. ஏறும்," என்றாள் என் மனைவி மர்லீன். சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏறட்டும்! அந்த ரெண்டு சீட்டையும் நாளைக்கே விட்டுடறேன்!"

வருஷம் முழுக்க எங்கள் டீமின் ஆட்டங்களை அரங்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அந்த இரண்டு சீசன் சீட்டும் என் உயிர். இருபத்திரண்டு வருஷமாக ஒன்றில் நான், ஒன்றில் ஓட்டிஸ். மர்லீனை ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. அவளுக்கு ஆட்டம் புரியாது என்று நானே முடிவு செய்திருந்தேன்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"நிஜமாத்தான் சொல்றியா கண்ணு?"

"நான் ஒண்ணு சொன்னா சொன்னதுதான்."

"நீ விட்டா எவனோ முன்னபின்ன தெரியாதவன் வந்து உட்காருவான். பேசாம என் பேருக்கு மாத்திடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"அவசரப்படாத வெர்ன்," என்று ஓட்டிஸ் என் பேன்ட்டைப் பிடித்து இழுத்தான்.

"நீ சும்மா இரு. முதுகெலும்புன்னா எப்படி இருக்கும்னு இன்னிக்குப் பாத்துக்கோ!"

மர்லீன் டேப்லெட்டை நீட்டினாள். பெயர் மாற்றும் பக்கம் ஏற்கெனவே திறந்திருந்தது. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வீராவேசத்தில் இருப்பவனுக்குச் சந்தேகம் எங்கே வரும்? மூன்று இடத்தில் தட்டினேன். ஒரு இடத்தில் விரலாலேயே கையெழுத்துப் போட்டேன். கம்பீரமாக சோபாவை விட்டு இறங்கினேன்.

கால் மணி நேரம் கழித்து டி.வி.யில் செய்தி வந்தது. அந்த ஒன்பதாவது டீமும் எங்கள் டீமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, ஒருவருக்காக ஒருவர் ஆள் எடுத்திருக்கிறார்கள். லித்துவேனியா பையன் அங்கே. ஹோல்கம் எங்களுக்கு!

இது வருஷா வருஷம் நடப்பதுதான். காகித வேலை முடியும்வரை, எடுத்த டீமின் தொப்பியைத்தான் மாட்டிவிடுவார்கள். தொப்பியை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். இருபத்திரண்டு வருஷ ரசிகன், தொப்பியைப் பார்த்து ஏமாந்தேன்.

ஓட்டிஸைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். மூன்றாவது குதியில்தான் சீட்டு ஞாபகம் வந்தது.

"மர்லீன், உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீ சோபா மேல ஏறும்போதே போன்ல வந்துடுச்சே."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எனக்குத்தான் ஆட்டம் புரியாதே."

"சரி சரி, ஆத்திரத்துல சொல்லிட்டேன். திருப்பிக் குடு."

"அது எப்படி? நீ சொன்னா சொன்னதுதானே. ஒரு சீட்டு எனக்கு. இன்னொண்ணுல மாறி மாறி உட்கார இப்பவே ஆள் எடுத்துடறேன்." ரிமோட்டை மைக் மாதிரி பிடித்துக்கொண்டாள். "முதல் சுற்றில், ஓட்டிஸ் பெண்டாட்டி பெர்னடெட்!"

ஓட்டிஸ் தொப்பென்று சோபாவில் உட்கார்ந்தான்.

"இரண்டாம் சுற்றில், என் தங்கச்சி லூயிஸ்!"

"மூணாவது?" என்று குழைந்தேன்.

"டிராஃப்ட்ல ரெண்டு சுற்றுதானே கண்ணு. முடிஞ்சு போச்சு."

நான் அசருகிற ஆளா? யாரும் எடுக்காத பையன்களைச் சோதித்துப் பார்க்கக் கோடையில் ஒரு முகாம் நடத்துவார்கள். அதே மாதிரி எனக்கும் ஒரு வாய்ப்புக் கொடு என்று மர்லீனிடம் மன்றாடி வாங்கிவிட்டேன். மூன்று வாரமாகப் புல் வெட்டுகிறேன், கராஜைக் கூட்டுகிறேன், லூயிஸ் வீட்டு நாயைக் குளிப்பாட்டுகிறேன். அக்டோபரில் ஆட்டங்கள் தொடங்கும்போது அந்த சீட்டில் உட்காராமல் விடமாட்டேன்.

நேற்று மர்லீனிடம் என் நிலைமை எப்படி என்று கேட்டேன். அதே முகாமில் சேர்ந்துவிட்ட ஓட்டிஸ் பாத்திரமும் கழுவுகிறானாம்.